தெருவின் கழுத்து

சேலையூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து காலனிக்குள் திரும்பும் இடத்துக்குக் ‘கழுத்து’ என்று பேர். யார் வைத்த பேரோ, சாவித்ரி வீடு கட்டிக் குடிவந்தபோதே அப்படித்தான் சொன்னார்கள். உள்ளே மனை பிரித்த பகுதியில் தெரு முப்பதடி அகலம், தாராளமாக இருக்கும். மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில் மட்டும் யாரோ பிடித்து நெரித்த மாதிரி பதினெட்டு அடியாகக் குறுகிவிடும். அந்த மூலையில்தான் அஞ்சம்மாளின் வீடு. வீடுகூட ஒதுங்கித்தான் இருந்தது. அதன் முன்னால் துருத்திக்கொண்டிருந்த மாட்டுக் கொட்டகைதான் தெருவை நெரித்தது.

அந்தக் கொட்டகையைக் குறை சொல்லக் காலனியில் யாருக்கும் வாய் வராது. அவர்கள் குடியிருந்த மண் அத்தனையும் ஒரு காலத்தில் அஞ்சம்மாளின் மாமனார் நெல் விளைவித்த நிலம். அவர் விற்றார். வாங்கியவர்கள் மனை போட்டார்கள். ஆபீஸ் உத்தியோகக்காரர்களும் வாத்தியார்களும் கடனை உடனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். ஊர்க் குடியிருப்புக்கான கிராம நத்தத்தில் இருந்த அந்த மூலை வீடு மட்டும் விற்பனைக்குள் வரவில்லை. புருஷன் போன பிறகு இரண்டு எருமையும் ஒரு பசுவுமாக வைத்துக்கொண்டு, காலனிக்குப் பால் ஊற்றி, ஒரே பிள்ளை சிட்டிபாபுவை ஆளாக்கினாள் அஞ்சம்மாள்.

“இன்னா மாமி, டிகாஷன எறக்கி வெச்சுட்டு எனக்காகக் காத்துகினு கீறீங்களா?” என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் கேட்டைத் திறப்பாள்.

“தண்ணி கலக்க இவ்வளவு நாழியா அஞ்சம்மா?”

“எங்கூட்டுக் கெணத்துத் தண்ணி மாமி. கல்கண்டு மாதிரி இருக்கும். அதுக்குத் தனியா காசு வாங்கணும் நானு.”

இந்தச் சண்டை நாள் தவறாமல் நடக்கும். சாவித்ரியின் மாமனார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். “அஞ்சம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு” என்று வேண்டுமென்றே எதிர்க்கட்சியில் சேர்ந்துகொள்வார். “பெரியவருக்குத் தெரிது பாருங்க” என்று அவளும் ஒரு கரண்டி பால் கூட ஊற்றிவிட்டுப் போவாள்.

எண்பத்தைந்து மழையில்தான் அந்தப் பெரியவருக்கு மார்வலி வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். சாவித்ரியின் கணவர் சுந்தரராமன் ஓடிப்போய் எப்படியோ ஆஸ்பத்திரி வண்டியை அழைத்து வந்துவிட்டார். வண்டி கழுத்தோடு நின்றுவிட்டது. ஒரு பக்கம் கொட்டகை, மறுபக்கம் தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியாத சாக்கடை. “உள்ள வுட்டா கவுந்துரும் சார்” என்று டிரைவர் மறுத்துவிட்டார்.

அந்த மழையில் அஞ்சம்மாள் செய்ததைச் சாவித்ரியால் மறக்க முடிந்ததில்லை. எருமைகளை அவிழ்த்து ரோட்டில் விரட்டிவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு தன் கொட்டகையின் மூங்கில் கால்களையே நெம்ப ஆரம்பித்தாள். “சாய்ச்சுடறேன் சார், சாய்ச்சுடறேன், செத்த இருங்க” என்று கத்தினாள். ஒரு கால்கூட அசையவில்லை. கடைசியில் பெரியவரைச் சாய்வு நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவித்ரி பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தடுமாறி நடந்தாள். குரோம்பேட்டை போவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சுந்தரராமன் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதினார். காலனி நலச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கழுத்தை அகலப்படுத்த வேண்டும் என்பதுதான் மனு. வந்து பார்த்த இன்ஜினியர், “நத்தம் இடம் சார். நாங்களா எடுக்க முடியாது. அந்தம்மா மனசு வெச்சு தானமா கொடுத்தா ரோடு போட்டுடலாம்” என்றார்.

அஞ்சம்மாளிடம் போய்க் கேட்கச் சுந்தரராமனுக்குக் கூச்சம். அப்பா போன துக்கத்தைக் காட்டி இடம் கேட்பதுபோல் ஆகிவிடும் என்றார். “நான் கேக்கறேன். ஆருக்காவது ஆம்புலன்ஸ் வரணும்னா வந்துதானே ஆகணும்” என்று சாவித்ரியே போனாள்.

அஞ்சம்மாள் புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கையைத் தொட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள்.

“கொட்டாய் இடம் மட்டுந்தானா மாமி?”

“அது மட்டுந்தான். மாட்டைப் பின்பக்கம் கட்டிக்கலாம். கொட்டகை போட நாங்க ஏற்பாடு பண்றோம்.”

“வூடு?”

“வீட்டை யாரும் தொடமாட்டா. உன் வீடு இருக்கற இடத்துலயே இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.”

“நீங்க சொன்னா சரி” என்றாள் அஞ்சம்மாள். கையை உதறிவிட்டு எழுந்துகொண்டாள்.

சங்கத்தில் பணம் வசூலித்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அவள் வாங்கவில்லை. “காசு வாங்கினா வித்தா மாதிரி ஆயிடும். எங்க மாமனாரு வித்தாரு. நான் குடுக்கறேன்” என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகைக்கு முன்னால் கோலம் போட்டு, பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் பழமும் வைத்தாள். காலனிக்காரர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். பஞ்சாயத்து கிளார்க்கும் ஒரு ஒப்புதல் காகிதத்தோடு வந்திருந்தார். அஞ்சம்மாள் சுந்தரராமனைக் கையை நீட்டச் சொன்னாள். உள்ளங்கையில் வெற்றிலையை வைத்து, செம்பிலிருந்து அதன்மேல் நீர் வார்த்தாள். நீர் அவர் விரலிடுக்கு வழியே மண்ணில் விழுந்தது.

“என்னம்மா இது, கல்யாணம் மாதிரி?” என்று கிளார்க் சிரித்தார்.

“எனக்குப் பொண்ணு இல்ல சார். தார வாக்க இதான் வாய்ச்சுது” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒப்புதல் காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, “ரெஜிஸ்தர் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கிளார்க் போய்விட்டார். கொட்டகை பிரிந்தது. தார் ரோடு வந்தது. அந்த அப்புறம் மட்டும் வரவேயில்லை. கிளார்க் மாற்றலாகிப் போனார். ரோடுதான் வந்துவிட்டதே என்று காலனியும் அதை மறந்துபோனது.

கொடுத்ததற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த வைத்தீஸ்வரனின் மனைவி ஞானாம்பாளுக்கு ஒரு நாள் ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டது. வண்டி நேராக வாசலுக்கே வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. மெல்ல மெல்லத் தேறிவந்து, தடியூன்றி நடக்கத் தொடங்கினாள். “நம்ம ரோட்டுல சல்லுனு வந்திச்சு மாமி வண்டி, நான் பாத்துகினே இருந்தேன்” என்று அஞ்சம்மாள் பால் ஊற்றிய வீட்டிலெல்லாம் சொன்னாள்.

தொண்ணூறுக்கு அப்புறம் தாம்பரத்தைச் சுற்றி நிலத்துக்குப் பித்துப் பிடித்தது. வேளச்சேரிப் பக்கமும் மேடவாக்கம் பக்கமும் தனி வீடுகளை இடித்து அடுக்கு வீடுகள் எழுந்தன. காலனித் தெருவிலும் புரோமோட்டர்கள் செருப்புத் தேய நடந்தார்கள். முதலில் தலையாட்டியவர் வைத்தீஸ்வரன்தான். பிள்ளைகள் பம்பாயில் இருந்தார்கள். அவ்வளவு பெரிய மனையைப் பெருக்கக்கூட ஆள் இல்லை. மனையைக் கொடுத்தால் புரோமோட்டர் ராஜகோபால் மூன்று மாடி கட்டி, கீழ்த்தளத்தில் ஒரு வீட்டை அவர்களுக்கே தந்துவிடுவார். மிச்சத்தை விற்றுக்கொள்வார்.

அனுமதி கேட்டுப் போட்ட பிளான் திரும்பி வந்துவிட்டது. ராஜகோபாலும் வைத்தீஸ்வரனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுந்தரராமன் வீட்டுக்கு வந்தார்கள்.

“அடுக்கு வீடு கட்டணும்னா தெரு முப்பதடி இருக்கணும் சார், மெயின் ரோடு தொடற வரைக்கும்” என்று ராஜகோபால் விளக்கினார். “கண்ணால பார்த்தா முப்பதடி இருக்கு. ரெக்கார்டுல பதினெட்டு. அந்தம்மா இடம் இன்னும் அவங்க பேர்லயே இருக்கு. தானப் பத்திரம் ரெஜிஸ்தர் ஆகலை.”

“ஆகாட்டா?”

“தரையும் ஒரு மாடியும்தான். இந்தத் தெருவுல யாரும் அதுக்கு மேல ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.”

வைத்தீஸ்வரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சுந்தரம், எனக்கு லாபம் வேணாம்பா. ஞானாவுக்குப் படுக்கைக்குப் பக்கத்துல பாத்ரூம் இருக்கற மாதிரி ஒரு வீடு. அவ்வளவுதான். செயலாளரா நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அந்தம்மா ஒரு நாழியில கையெழுத்து போட்டுடுவா.”

கைநாட்டு என்று திருத்த நினைத்த சாவித்ரி, காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வைத்தீஸ்வரன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஞானாம்பாளை ஒரு காலைத் தூக்கி வைக்கச் சொல்லி அவர் கெஞ்சிக்கொண்டு நடத்திவருவதைத் தினமும் பார்ப்பவள்தான்.

சுந்தரராமன் எதையும் தீர விசாரிக்காமல் செய்கிறவர் இல்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பிளான் ஆபீசுக்கே போய்வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

“என்ன ஆச்சு? சொல்லுங்கோளேன்.”

“அஞ்சம்மா வீட்டுக் கிழக்குச் சுவர் வெடிச்சிருக்கு இல்லையா? முட்டுக் கொடுத்து வெச்சிருக்காளே?”

“ஆமாம். தைக்கு அப்புறம் இடிச்சுக் கட்டணும்னு சிட்டிபாபு சொல்லிண்டிருக்கான்.”

“இப்போ இருக்கற மாதிரியே ரெக்கார்டு இருந்துட்டா, அவ பழைய அஸ்திவாரத்து மேலயே எழுப்பிக்கலாம். ஒரு கேள்வி கிடையாது. தானம் ரெஜிஸ்தர் ஆயிடுத்துன்னு வெச்சுக்கோ, அவ வீடு முப்பதடித் தெருவோட மூலை மனை. புதுசாக் கட்டினா ரெண்டு ரோட்டுப் பக்கமும் பத்துப் பத்தடி காலியா விடணும். பின்னாடியும் விடணும். செட்பேக் ரூல். அந்த வீட்டோட ஆழமே அவ்வளவுதான் சாவித்ரி. விட்டது போக மிஞ்சற இடத்துல ஒரு பீரோ நிக்கும்.”

“அதனால?”

“வீடு நிக்கற வரைக்கும் ஒண்ணுமில்லை. விழுந்தா விழுந்ததுதான். திரும்பக் கட்ட முடியாது.”

சாவித்ரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுக்கு நான் பொறுப்பு என்று அன்றைக்குத் தன் வாயால் சொன்னது இப்போது வேறு யாரோ சொன்னதுபோல் காதில் கேட்டது.

“அவ ரெஜிஸ்தர் பண்ணப் போகாம இருந்துட்டா?” என்றாள்.

“போகாம இருந்தா ஒரு சட்டமும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாது. இடம் அவளோடது. நாமதான் சொல்லணும்.”

“வைத்தீஸ்வரன் மாமாவுக்கு?”

“அவர்கிட்ட நான் பேசிக்கறேன்” என்றார். பேசினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலமே சாவித்ரி மூலை வீட்டுக்குப் போனாள். சிட்டிபாபு மறைமலை நகரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். வெடித்த சுவருக்குப் பக்கத்தில் மூங்கில் முட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சாவித்ரி உட்கார்ந்து, செட்பேக் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். கையால் தரையில் கோடு போட்டே காட்டினாள். எங்கே பத்தடி, எங்கே சுவர் வரும், எது மிஞ்சும் என்று.

சிட்டிபாபு சட்டென்று புரிந்துகொண்டான். “அம்மா, நீ ரெஜிஸ்தர் ஆபீஸ் பக்கமே போவாத. அந்தப் புரோமோட்டரு நாளைக்கு வருவாரு. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு.”

“எனுக்கு இன்னாடா கேடு ஒடம்புக்கு?” என்றாள் அஞ்சம்மாள்.

“ஒரு பேச்சுக்கு சொல்றதுமா. இந்த ரோடு இன்னும் உன் பேர்லதான் கீதாம்.”

“பேர்ல கீது. நான் குடுத்துட்டேனே.”

“அஞ்சம்மா” என்றாள் சாவித்ரி. “நான் கேட்டேன்னுதானே குடுத்தே? இப்போ நானே சொல்றேன், வேண்டாம். எனக்கு அன்னிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்.”

அஞ்சம்மாள் சிரித்தாள். “நீங்க கேக்காட்டியும் நானே குடுத்திருப்பேன் மாமி. அன்னிக்கு மழைல கடப்பாரய வெச்சுகினு நின்னேனே, அப்பவே மன்சுல குடுத்துட்டேன். நீங்க வந்து கேட்டது அப்புறந்தான்.”

“சரி, குடுத்தே. ரோடு வந்தாச்சு. வண்டி போறது. அது போதுமே. பத்திரம் எதுக்கு?”

“தண்ணி வுட்டு குடுத்தத பாதி குடுத்தேன், பாதி குடுக்கலன்னு சொல்லுவாங்களா? அத்தினி பேரு பாக்கச் சொல்லோ குடுத்தேன். இப்ப பேரு என்னுது, கைய வெச்சு மறிச்சுப்பேன்னு சொன்னா, பெரியவரு மேல இருந்து கேக்கமாட்டாரா?”

“அவரே வேண்டாம்னுதான் சொல்லுவார்!” சாவித்ரிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “உனக்கு வீடு போயிடும்னு தெரிஞ்சா, வண்டியே வேண்டாம்னு அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.”

“அது அவரு கொணம் மாமி” என்றாள் அஞ்சம்மாள். “இது எங்கொணம்.”

சிட்டிபாபு எழுந்து வெளியே போய்விட்டான். கொஞ்ச தூரத்தில் நின்று பீடி பற்றவைப்பது தெரிந்தது. சாவித்ரி திரும்பவும் ஆரம்பித்தாள். ஞானாம்பாளின் வீட்டைப் பற்றி அவள் நினைக்க வேண்டாம், அதற்கு வேறு வழி இருக்கிறது என்றாள். ஒரு தரம் யோசித்துப் பார் என்றாள். அஞ்சம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

“வீடு விழுந்தா என்ன பண்ணுவே? அதைச் சொல்லு.”

“இன்னா பண்ணுவேன்? நீங்கதான் கீறீங்களே.”

சாவித்ரி எழுந்து கேட் வரை வந்தபோது அஞ்சம்மாள் பின்னாலேயே வந்தாள். “மாமி, ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து போடணுமாமே. நீங்க ஒண்ணு போடுங்க. அன்னிக்கு பக்கத்துல நின்னு பாத்தவங்க நீங்க. யாரோ தெரியாதவன் போட்டா நல்லா இருக்காது.”

“நான் போடமாட்டேன் அஞ்சம்மா.”

“போடுவீங்க” என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக, பால் கணக்குச் சொல்வதுபோல.

வீட்டில் சுந்தரராமன், “நீ போகாதே. அந்தப் பாவத்துல நாம கை வைக்க வேண்டாம்” என்றார். சாவித்ரி இரண்டு நாள் அப்படித்தான் இருந்தாள். ஆனால் ராஜகோபால் கார் அனுப்பிய காலையில், அஞ்சம்மாள் சிட்டிபாபு கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் வைத்து இறுக முடிந்த தலையோடு வாசலில் வந்து நின்றபோது, சாவித்ரி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தான் வராவிட்டால் அவள் அந்த ஆபீஸ் பெஞ்சில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே தனியாக உட்கார்ந்திருப்பாள் என்பது ஒன்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றிற்று.

சார்பதிவாளர் ஆபீசில் கூட்டம். அஞ்சம்மாளுக்குப் பட்டுப்புடவையில் வியர்த்துக் கொட்டியது. சாவித்ரி பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். பேர் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள்.

“இந்த இடத்தைப் பஞ்சாயத்துக்குத் தானமா எழுதிக் கொடுக்கறீங்க. யாரும் மிரட்டலையே? மனசார கொடுக்கறீங்களா?” என்று பதிவாளர் கேட்டார்.

“எப்பவோ குடுத்துட்டேன் சார். நீங்கதான் லேட்டு” என்றாள் அஞ்சம்மாள்.

பதிவாளர் சிரித்துவிட்டு சாவித்ரியைப் பார்த்தார். “நீங்க சாட்சியா? இவங்களுக்கு விவரம் எல்லாம் தெரியுமில்ல?”

தெரியும் என்றால் பத்திரம் நிறைவேறும். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் காகிதத்தைத் தள்ளிவைத்துவிடுவார். அஞ்சம்மாள் இவள் பக்கம் திரும்பவேயில்லை. மை ஒட்டிய கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி, ஈரம் காய்வதற்காகக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

“தெரியும்” என்றாள் சாவித்ரி. கையெழுத்தைப் போட்டாள்.

அடுத்த வருஷம் வைத்தீஸ்வரன் மனையில் மூன்று மாடி எழுந்தது. பிறகு எதிர்வரிசையில் இரண்டு. பிறகு மூலை வீட்டை ஒட்டியிருந்த மனையும் கைமாறியது; அதையும் கட்டிக்கொடுக்க ராஜகோபாலே எடுத்துக்கொண்டார். அங்கே அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் ஊற்று பெருக, ராப்பகலாக மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தார்கள். அஞ்சம்மாளின் சுவரில் விரல் நுழையும்படி இருந்த வெடிப்பில் கை நுழைந்தது. சிட்டிபாபு இன்னும் இரண்டு முட்டுக் கொடுத்தான். சுந்தரராமன் போய்ச் சண்டை போட்டதில், ராஜகோபால் பத்து மூட்டை சிமெண்ட் கொடுத்தார். சிமெண்டை எதன்மேல் பூசுவது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் நாள் கிழக்குச் சுவர் ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. கூரை பாதி அதோடு போயிற்று. அஞ்சம்மாள் அப்போது பால் ஊற்றப் போயிருந்தாள். சாவித்ரி வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். மண்ணும் ஓடும் ரோட்டில் பரவிக் கிடந்தன. புது அடுக்கு வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஆபீஸ் கிளம்பிய ஒருவர், “இதை யாருங்க எடுப்பாங்க? வழியே இல்லாம போச்சே” என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

“தோ எடுத்துடறேன் சார், ஒரு நிமிஷம்” என்று அஞ்சம்மாள் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் மண்ணை ஒதுக்க ஆரம்பித்தாள். சாவித்ரியும் குனிந்துகொண்டாள்.

சுந்தரராமன் செட்பேக் ரூலிலிருந்து விலக்குக் கேட்டு எழுதினார். ஆஸ்பத்திரி வண்டி வருவதற்காக இடம் கொடுத்த ஏழைப் பெண்மணி என்று விவரமாக எழுதினார். நேரில் போய் நின்றார். யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. ஒரு அதிகாரி உட்காரவைத்து, படத்தை விரித்துப் போட்டு, ஸ்கேலை வைத்துக் காட்டினார். “நீங்களே பாருங்க சார், எங்கே கட்ட அனுமதி கொடுக்கறது?”

தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பொங்கல் வரை இருந்தாள் அஞ்சம்மாள். பின்கட்டு அறையில் வந்து இருக்கும்படி சாவித்ரி கூப்பிட்டதற்கு, “மாடுங்க?” என்றாள். அதற்குள் மாடுகளின் நாற்றத்தைப் பற்றி அடுக்கு வீட்டுக்காரர்கள் பஞ்சாயத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். சிட்டிபாபு எருமைகளையும் பசுவையும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தான். அன்றிலிருந்து அவன் அம்மாவோடு பேசவில்லை. கட்டவும் முடியாத, தனியாக விற்கவும் முடியாத அந்தத் துண்டு நிலத்தைப் பக்கத்து மனைக்காரர்தான் வாங்க முடியும். அவர் சொன்ன விலைக்குக் கொடுத்தான்.

அங்கே அவர் எதுவும் கட்டவில்லை. அவருடைய கட்டடத்துக்குச் சட்டப்படி விட வேண்டிய காலி இடம் அதுதான். மண்ணை நிரவி, சிமெண்ட் பலகை பாவி, சுற்றிலும் கம்பி வேலி போட்டார்கள். சாவித்ரி காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அடுப்பு இருந்த இடம் எது, தொட்டி இருந்த இடம் எது என்று முதலில் கண் தேடும். சில மாதங்களில் அதுவும் தெரியாமல் போயிற்று.

அஞ்சம்மாள் பிள்ளையோடு குடிபோன மறைமலை நகருக்குச் சாவித்ரி போனது அடுத்த ஆனியில்தான். அதற்கு முன் எத்தனையோ தரம் கிளம்பி, ஏதோ சாக்குச் சொல்லி நின்றுவிட்டாள். தாம்பரத்தில் பஸ் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தாள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி மஞ்சள் நிறக் கட்டடங்கள். ஒன்றின் மாடிப்படியில் அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

“மாமி!” என்று எழுந்தவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “வெயில்ல இன்னாத்துக்கு வந்தீங்க? சொல்லி அனுப்பிச்சா நான் வரமாட்டனா?”

“ஏன் இங்கே உட்கார்ந்திருக்கே?”

“மேல குந்திகினு இன்னா பண்றது? இங்கயாச்சும் போறவங்க வரவங்களப் பாக்கலாம். வாங்க, மூணாவது மாடி. மெதுவா ஏறலாம்.”

இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றார்கள். நான்கு கதவுகள், நான்கும் பச்சை. அஞ்சம்மாள் ஒன்றின் மேல் கை வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஆயா, மறுபடியும் இங்கயா? உன் வூடு மேல” என்றாள் அவள். கோபமாக இல்லை. பழகிப்போன குரல்.

“தெரிஞ்சிதான் நின்னேன். மாமிக்கு மூச்சு வாங்குது” என்றாள் அஞ்சம்மாள்.

அந்தப் பெண் சாவித்ரியின் புடவையையும் மூக்குத்தியையும் பார்த்தாள். “யாரு ஆயா இவங்க?”

சாவித்ரி பஸ்ஸில் வரும்போதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தாள். அஞ்சம்மாள் என்ன சொன்னாலும் அது நியாயமாகத்தான் இருக்கும்.

“எங்க தெருவுக்காரங்க” என்றாள் அஞ்சம்மாள். “ரொம்ப வருசமா ஒண்ணா இருந்தோம்.”

மேலே போய் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் சாவித்ரி வந்தாள். அந்தச் சொல்லை எடுக்கும்போதெல்லாம் அஞ்சம்மாள் வேறு பேச்சை எடுத்தாள். மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றாள். தண்ணீர் ராத்திரியில்தான் வருகிறது என்றாள். சிட்டிபாபு இப்போது பேசுகிறான் என்றாள். வெயில் தாழ்ந்ததும், “நீங்க கெளம்புங்க மாமி, ஐயா தேடுவாரு” என்று எழுப்பிவிட்டாள். படியிறங்கி வரவேண்டாம் என்று சாவித்ரி தடுத்துவிட்டாள்.

“சரி, நான் பால்கனில நின்னு பாக்கறேன். கைய ஆட்டுறேன்.”

சாவித்ரி ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். மூன்று மாடியிலும் ஒரே அளவு பால்கனிகள், ஒரே கம்பி, எல்லாவற்றிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது. அங்கங்கே நான்கைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்வெயிலில் ஒரு முகமும் தெரியவில்லை. இடமிருந்து எண்ணிப் பார்த்தாள். படி எந்தப் பக்கம் திரும்பியது என்று மறந்துவிட்டது.

பஸ் வந்துவிட்டது. சாவித்ரி கையைத் தூக்கி, அந்தக் கட்டடம் முழுவதற்குமாக ஆட்டினாள்.